பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்ன பேட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பியப் பயணக் கட்டுரை ஒன்று வந்தது. ரோமுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும், கொலோசியம், த்ரேவி நீரூற்று, வத்திக்கான் மூன்றையும் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அங்கே தங்கிப் பயனில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மறுவாரமே வாசகர் ஒருவர், கூட்டம் மொய்க்காத, யாருக்கும் தெரியாத இடங்களாகப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள் என்று கேட்டிருந்தார். இரண்டையும் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் கேட்டது நல்ல ஆசைதான், ஆனால் அதைப் பட்டியலாகப் போட்டால் அந்த இடங்களே கெட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுத் துறையொன்றில் 32 வருடம் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். வீடு, மாடிப்படி, வடிகால், முற்றம், இவைதான் என் பிழைப்பு. சென்ற அக்டோபரில் தங்கையும் நானும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். ஒன்பது நாளில் ஐந்து நாடு. ஏறு, இறங்கு, படம் எடு, மறுபடி ஏறு. ரோமில் முதல் நாள் கொலோசியத்தின் முன் வரிசையில் நின்ற நேரத்திலேயே என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கொலோசியத்திலிருந்து வெனேத்சியா சதுக்கத்துக்கு ஓர் அகலமான சாலை போகிறது. வியா தெய் ஃபோரி இம்பெரியாலி என்று பெயர். இரண்டு பக்கமும் பழைய ரோமாபுரியின் தூண்களும் சுவர்களும் கிடக்க, நடுவில் கோல் வைத்துக் கோடிழுத்த மாதிரி நேராகப் போகிறது. சதுக்க முனையில் நின்று திரும்பிப் பார்த்தால் சாலையின் முடிவில் கொலோசியம் படம்போல நிற்கும். வரைபடக்காரி என்பதால் அதை வெகுநேரம் ரசித்தேன். இந்தச் சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மறுநாள் காலை கால் தரையில் ஊன்ற முடியவில்லை. குழு வத்திக்கானுக்குக் கிளம்பியது. நாங்கள் தங்கியிருந்தது நகர மையத்துக்குத் தெற்கே, பிரமிதே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். குழுத் தலைவர், அறையிலேயே இருந்து ஓய்வெடுங்கள், இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிய பணத்தில் ஒரு பைசாவும் திரும்பாது என்பதையும் சேர்த்தே சொன்னார். தங்கை என்னை விட்டுப் போக மறுத்துவிட்டாள். பதினோரு மணிக்கு மாத்திரை வேலை செய்து வலி சற்று இறங்கியபோது, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், அதிகம் நடக்காமல் போய் உட்கார்ந்து வர ஏதாவது இடம் இருக்கிறதா என்று கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை. "கார்பத்தெல்லா," என்றாள். "ஒரே நிறுத்தம்."

மெட்ரோவின் பி தடத்தில் பிரமிதேக்கு அடுத்தது கார்பத்தெல்லா. கொலோசியத்திலிருந்து எண்ணினாலும் மூன்றாவது நிறுத்தம்தான். ஒன்றரை யூரோ டிக்கெட். நிலையம் பூமிக்கடியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. இறங்கிக் கொஞ்சம் மேடேறினால், அரை மணி முன்பு வரை காதில் விழுந்துகொண்டிருந்த வண்டிச் சத்தம் குறைந்து, எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. அவ்வளவு வித்தியாசம்.

மேட்டின் மேல் பெனெதெத்தோ பிரின் சதுக்கம் என்று ஒரு சின்னத் திடல். பெஞ்சு இருந்தது. முதலில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரிய வளைவு வைத்த கட்டடம், சுவரில் ஒரு கல்வெட்டு. 1920 பிப்ரவரி 18 அன்று அரசர் மூன்றாம் வித்தோரியோ இமானுவேலே கையால் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. தங்கை கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தாள். தலைநகரின் பொருளாதாரத்தை மீட்டெடுக்க உழைக்கும் கைகளுக்கு அமைதியும் ஆரோக்கியமும் உள்ள இருப்பிடம் தருவதற்காக இந்தப் பேட்டையைத் தொடங்குகிறோம் என்று பொருள் வந்தது. "அமைதி" என்ற சொல் அடிக்கல்லிலேயே இருக்கிறது பாருங்கள் என்றாள். நான் எத்தனையோ அடிக்கல் கல்வெட்டுகளைப் பார்த்தவள். திறந்துவைத்தவர் பெயரும் பதவியும் இருக்கும். குடியிருக்கப் போகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதி நான் பார்த்ததில்லை.

எதற்காக இந்த மேட்டில் ஒரு பேட்டை? அப்போது ரோம் நகரத்தை ஒரு துறைமுகமாக்கத் திட்டமிருந்தது. ஒஸ்தியாக் கடற்கரையிலிருந்து டைபர் ஆற்றுக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டி, கப்பல்களை நகரத்தின் தெற்கு வாசல் வரை கொண்டுவருவது. அந்தத் துறைமுகத்திலும் பக்கத்திலிருந்த ஒஸ்தியென்சே தொழிற்சாலைகளிலும் வேலை செய்யப் போகிறவர்களுக்குத்தான் இந்த வீடுகள். அதனால் சதுக்கத்துக்கே கடற்படைக் கப்பல்களை வடிவமைத்த பொறியாளர் பெயர். கால்வாய் வெட்டப்படவே இல்லை. கப்பலும் வரவில்லை. வீடுகள் மட்டும் நின்றுவிட்டன.

முதல் வரைபடத்தைப் போட்டவர்கள் குஸ்தாவோ ஜோவன்னோனி, மாசிமோ பியாசெந்தினி முதலானோர். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் சொன்ன தோட்ட நகரம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாடி, மூன்று மாடிக்கு மேல் போகாத வீடுகள், ஒவ்வொன்றுக்கும் காய்கறி போட ஒரு துண்டு நிலம், பல வீடுகளுக்கு நடுவில் ஒரு பொது முற்றம். இப்படிச் சேர்ந்த தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். லோத்தோ இத்தனை என்று சொல்வார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட லோத்தோக்கள் உண்டு. பிற்பாடு வீடு கேட்பவர்கள் பெருகவே, பெரிய அடுக்குகளும் வந்தன. ஆனால் முற்றத்தை விடவில்லை. இதைத்தான் ஒரு தொழில்காரியாக நான் கை கூப்பிப் பாராட்டுவேன். இடம் போதவில்லை என்று வந்தால் எந்த அலுவலகத்திலும் முதலில் வெட்டப்படுவது முற்றம்தான். அப்படி வெட்டச் சொன்ன வரைபடங்களில் நானும் கோடு போட்டிருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஏழைத் தொழிலாளிக்குக் கட்டுகிற வீடுதானே என்று மொட்டையாகவும் விட்டுவிடவில்லை. ஜன்னலுக்கு மேல் சுருள் சுருளாகச் சாந்து வேலை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரிப் புகைபோக்கி, வாசல் மேல் பூக்கூடை. காவியும் மஞ்சளும் கலந்த சுண்ணாம்புப் பூச்சு, மழையில் கரைந்து கரைந்து ஒரு சுவரிலேயே நாலு நிறம். ரோம் அரண்மனைகளில் இருக்கும் அலங்காரத்தைச் சின்னதாக்கித் தொழிலாளி வீட்டில் வைத்திருக்கிறார்கள். பரோக்கெத்தோ என்று பெயராம், அலங்காரம் மிகுந்த பரோக் என்னும் கட்டடப் பாணியின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொசென்சோ சபாத்தினி என்ற கட்டடக் கலைஞர் 1920களில் இங்கே நிறையக் கட்டியிருக்கிறார். பொதுக் குளியலறைக் கட்டடமும், எதிரே இருக்கும் பல்லாதியம் அரங்கமும் அவர் கட்டியவைதான். அரங்கத்தை இப்போது ரோமா த்ரே பல்கலைக்கழகம் நடத்துகிறது. குளியலறைக்கு அவ்வளவு கம்பீரமான முகப்பா என்று தங்கை ஆச்சரியப்பட்டாள். வீட்டில் குளிக்க இடமில்லாதவன் குளிக்கப் போகிற கட்டடம் கம்பீரமாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

கொஞ்ச தூரத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீரூற்று. நீள முடியுள்ள ஒரு பெண் முகம், வாயிலிருந்து தண்ணீர். கார்லோத்தா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்த மேட்டில் சத்திரம் நடத்திய இனிய குணமுள்ள பெண் ஒருத்தி இருந்தாள், அவளால்தான் பேட்டைக்குக் கார்பத்தெல்லா என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை. இல்லை, திராட்சைக் கொடியை மரத்தில் ஏற்றி வளர்க்கும் முறையின் பெயர்தான் திரிந்து இப்படி ஆயிற்று என்று இன்னொரு கதை. எனக்குச் சத்திரக்காரி கதை பிடித்திருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தது, மாத்திரையை அதில்தான் விழுங்கினேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஒரு லோத்தோவின் கதவு திறந்திருந்தது. உள்ளே நடைபாதை, அப்பால் முற்றம். ஆட்கள் சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள், நாங்களும் போனோம். நடுவில் இரும்புத் தூண்கள், தூணுக்குத் தூண் வரிசையாகக் கம்பிகள். துணிக்கொடி. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ அல்ல, முற்றத்தின் நடுவில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக. கிட்டப் போய்ப் பார்த்தேன். கம்பி கட்டிய இடத்தில் தூண் துரு ஏறி, மறுபடி மறுபடி பச்சைச் சாயம் அடித்துத் தடித்துப் போயிருந்தது. ஒரு கம்பியில் கிளிப்புகளைப் போட்டுவைக்கக் குழந்தையின் பழைய சட்டையொன்றின் அடிப்பக்கத்தைத் தைத்து மூடி, பை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். சட்டைகளைத் தோளில் மாட்டாமல் தலைகீழாக, கீழ்விளிம்பில் கிளிப்புப் போட்டிருந்தார்கள். தோளில் தடம் விழக்கூடாது என்பதற்காக. படுக்கை விரிப்புகள் ஓரத்தில் வெயில் விழும் கம்பியில், உள்ளாடைகள் நடுக் கம்பியில், விரிப்புகளுக்குப் பின்னால் மறைவாக. யாரும் எழுதிவைக்காத ஓர் ஒழுங்கு. ஒரு வரைபடத்தில் இதைக் கொண்டுவர முடியாது. தூணை வைக்கலாம், கம்பியைக் காட்டலாம், எந்தத் துணி எங்கே என்பது குடியிருப்பவர்கள் நூறு வருடமாகச் சேர்த்துவைத்த அறிவு.

தங்கை கைபேசியை எடுத்தாள். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் அப்போது தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆள்காட்டி விரலை இடமும் வலமுமாக அசைத்தார். "நோ ஃபோட்டோ." கோபமாகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வது போல. தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. கைபேசியைப் பைக்குள் வைத்து, நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, நிழலில் இருந்த பெஞ்சிலிருந்து தன் துணிக்கூடையை எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்துகொண்டேன். பேச்சு இல்லை. அவர் வீட்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கால் மணி நேரம் போயிருக்கும். ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பெரிய கேமரா. எந்த நாடோ தெரியவில்லை, அது முக்கியமும் இல்லை. அந்தப் பெண் இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் போய் நின்றாள். படத்துக்கு இடைஞ்சலாக இருந்ததென்று ஒரு விரிப்பைக் கையால் ஒதுக்கினாள், கிளிப்பு கழன்று கீழே விழுந்தது. எடுத்து மாட்டவில்லை, காலடியில் கிடந்தது. சிரித்தாள், திரும்பினாள், முடியைக் கோதினாள், மறுபடி சிரித்தாள். அந்த அம்மாள் வந்தார். இந்த முறை விரலைக்கூட அசைக்கவில்லை. காயாத விரிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டார். தண்ணீர் சொட்டியது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த இருவரும் வேறு லோத்தோவைத் தேடிப் போனார்கள். நான் கீழே கிடந்த கிளிப்பை எடுத்து அந்தக் குழந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன். ஈரத் துணியோடு அவர் படியேறிய அந்த முதுகு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் கைபேசியை எடுத்ததும் அதே காரியத்துக்குத்தானே.

அங்கிருந்து வெளியே வந்து நடந்தால் உச்சியில் கடிகாரம் வைத்த சிவப்புக் கட்டடம் ஒன்று. சிவப்பு ஓட்டல் என்கிறார்கள். ஓட்டல் என்றதும் சுற்றுலாப் பயணி தங்குகிற விடுதி என்று நினைத்துவிட்டோம். எதிரே கடை வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இளவயதில் கப்பலில் வேலை பார்த்தவராம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். 1920களின் கடைசியில் சபாத்தினி கட்டியதுதான் இதுவும். முசோலினி ஆட்சியில் நகர மையத்தைப் பெருமையாகக் காட்ட வேண்டும் என்று பழைய சின்னங்களைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கத்தான் இந்த மேட்டில் இப்படிப்பட்ட ஓட்டல்களைக் கட்டினார்கள். தற்காலிகம் என்று வந்தவர்கள் வருடக்கணக்கில் இருந்துவிட்டார்கள். பெரியவர் கையை மேசையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக் காட்டினார், துடைப்பத்தால் பெருக்குவது போல.

எனக்கு முதல் நாள் நின்று ரசித்த சாலை நினைவுக்கு வந்தது. 1932இல் திறந்த அந்தச் சாலைக்காகவும் ஒரு குடியிருப்பையே தரைமட்டமாக்கியிருக்கிறார்கள். கோல் வைத்து இழுத்த கோடு என்று நான் வியந்தேனே, அந்தக் கோட்டுக்கு அடியில் சமையலறைகள் இருந்திருக்கின்றன. கொலோசியம் தூரத்திலிருந்து அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வீடிழந்து இப்படி ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பேட்டைகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நாம் அங்கேயும் கேமராவோடு போய் நிற்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, என் கடிதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. கொலோசியத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் ரோமில் பாதியைத்தான் பார்க்கிறார். மற்றப் பாதி மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கிறது. ஆனால் அந்த மற்றப் பாதியையும் காட்சிப்பொருளாக எண்ணிக்கொண்டு போவதானால், போகாமலே இருக்கலாம்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும், உங்கள் காந்தி இந்தப் பேட்டைக்கு வந்திருக்கிறார் தெரியுமா என்றார். 1931 டிசம்பரில், லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் காந்தி ரோமில் தங்கினார் என்பது பள்ளியில் படித்தது. தொழிலாளர் குடியிருப்பைப் பார்க்க இங்கே வந்தார் என்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். பெரியவருக்கு அதில் அவ்வளவு பெருமை. குளிரில் மெல்லிய துணி போர்த்தி வந்தாராம் என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார், தானே பார்த்ததுபோல. ஒன்பது நாள் பயணத்தில் எங்களை யாராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்கு ஏதாவது சொன்னார்கள் என்றால் அது அங்கே மட்டும்தான்.

திரும்பும்போது ரயில் பாதைக்கு மேலே வெள்ளை வளைவுகளோடு ஒரு புதிய பாலம். 2012இல் திறந்தது. செத்திமியா ஸ்பித்சிக்கினோ என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1943 அக்டோபர் 16 அன்று ரோமின் யூதர்களை நாஜிகள் வீடு வீடாகப் பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 16 பேர்தான் திரும்பினார்கள். அதில் ஒரே பெண் இவர். 2000இல் இறக்கும் வரை, நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர். கார்களும் சைக்கிள்களும் அந்தப் பெயரின் மேல் தினமும் போய் வருகின்றன.

பாலத்தைத் தாண்டி ஒஸ்தியென்சே பக்கம் போனால் சென்ட்ராலே மொந்தெமார்த்தினி என்ற அருங்காட்சியகம். 1912இல் தொடங்கிய மின் நிலையம் அது. பெரிய டீசல் எந்திரங்களை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் பழைய ரோமானியப் பளிங்குச் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். கறுப்பு எந்திரம், வெள்ளைத் தேவதை. கூட்டமே இல்லை. உட்கார நாற்காலி உண்டு. அதற்கு மேல் என் கால் ஒத்துழைக்கவில்லை, அரை மணியில் கிளம்பிவிட்டோம்.

ஐரோப்பாவில் சுற்றுலாக் கூட்டத்தின் பிரச்சினை முற்றிக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் பார்சிலோனாவில் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் வெனிஸ், ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தாலே 2019இலிருந்து அபராதம். மையத்தில் இத்தனை நெரிசல் என்பதால்தான் அமைதியான பேட்டைகளைத் தேடிப் போகச் சொல்கிறார்கள். கூட்டத்தைப் பிரித்து அனுப்புவது நல்ல யோசனை மாதிரித் தோன்றும். கேட்காமல் படம் எடுக்கிற வழக்கமும் கூட்டத்தோடு சேர்ந்து அங்கே போனால், அந்த அம்மாள் துணியை எங்கே காயப்போடுவார்?

அதனால் என் வேண்டுகோள் இது. யாருக்கும் தெரியாத பத்து இடங்கள் என்று போடாதீர்கள். அந்த இடங்கள் அங்கே குடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. அதற்குப் பதில், எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் அங்கே ஒரு பேட்டை, ஒரே ஒரு பேட்டையை எடுத்து, அது எப்படி வந்தது, யாருக்காகக் கட்டினார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு அரை நாளாவது ஒதுக்கச் சொல்லுங்கள். மெட்ரோ நிறுத்தம், பெஞ்சு எங்கே, குடிக்கத் தண்ணீர் எங்கே, படிக்கட்டு எத்தனை, இவற்றையும் போடுங்கள். என் வயதுக்காரர்களுக்கு அருங்காட்சியக நேரத்தைவிட இவைதான் தேவை. ரோமில் தெருவுக்குத் தெரு நசோனே என்னும் இரும்புக் குழாயில் நாள் முழுக்கக் குடிநீர் ஓடுகிறது. மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் துளையிலிருந்து தண்ணீர் பீச்சும், குனியாமல் குடிக்கலாம். முழங்கால் வலிக்காரிக்கு இது பெரிய உதவி. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை பல வீடுகளில் ஓய்வு நேரம், முற்றத்தில் பேச்சுக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எழுதுங்கள். நான்கு பேருக்கு மேல் சேர்ந்து உள்ளே நுழைய வேண்டாம் என்று எழுதுங்கள். கதவு திறந்திருந்தாலும் அது வாசல்தான். துணி, ஜன்னல், தூங்கும் பூனை, விளையாடும் குழந்தை எதையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதைக் கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் போடாமல், முதல் பத்தியிலேயே போடுங்கள். சாப்பிடவோ காப்பி குடிக்கவோ அந்தப் பேட்டைக் கடையிலேயே உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு காப்பியும் ஒரு ரொட்டியும் வாங்கினோம், அந்தப் பெரியவரின் பக்கத்து மேசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதானவர்கள் கால் வலித்துப் பின்தங்கினால் அறையில் அடைத்து வைக்காதீர்கள். கையில் மெட்ரோ வரைபடத்தையும் ஒரு டிக்கெட்டையும் கொடுத்து, பக்கத்துப் பேட்டையின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். அன்று மாலை குழுவினர் திரும்பியபோது, பாவம், உங்களுக்கு ஒரு நாள் வீணாகிவிட்டது என்று எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். "அக்கா, சொல்லட்டுமா?" என்று தங்கை என் காதில் கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுநாள் காலை பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா மட்டும் தனியாகக் கேட்டார், அவரிடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன், கிளிப்பு விழுந்தது உள்பட.

இத்துடன் பிரின் சதுக்கத்துக் கல்வெட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். வெளியிட இடமிருந்தால் வெளியிடுங்கள். முற்றத்தின் படம் எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்